ஊக்கு குத்தாத சேலை

இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க. ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்ற கதை இல்ல இது. முள்ளிப்பட்டு துர்கா ஒரு பொய் சொன்னாளே, அந்தக் கதை.

பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கும். காலையிலேயே துர்கா போனை எடுத்தாள்.

"முதலாளிங்களா? துர்கா பேசறேங்க. அந்தச் சேலை இன்னும் ஒரு முழம் நிக்குதுங்க. இழை அறுந்துகினே இருக்குது, ஒரே பேஜாரு. நாளைக்குக் கொண்டாந்துடறேங்க."

"தை முகூர்த்தச் சேலைம்மா. ஜல்தியா முடி" என்று முதலாளி திருமலை போனை வைத்துவிட்டார்.

ஒரு முழமாவது, அரை முழமாவது. சேலை முந்தின நாளே தறியை விட்டு இறங்கிவிட்டது. மயில் கழுத்து நிறம், மாங்கா பார்டர். மடித்து டிரங்குப் பெட்டி மேல் பதவிசாக உட்கார்ந்திருந்தது.

தறியில் இருந்த புருஷன் முருகேசன் கையை நிறுத்தினான். "எதுக்குடி இந்தப் பொய்?"

"சாயந்திரம் வரைக்கும் மதிக்கு வேணும்."

மதிவதனி அவர்கள் மகள். ஆரணியில் பணம் கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் மூணாங்கிளாஸ். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒரு பங்கு என்றால் வேஷம் ரெண்டு பங்கு. சுதந்திர தினத்துக்கு பாரத மாதா. கிருஷ்ண ஜெயந்திக்கு ராதை. ஒவ்வொரு வேஷத்துக்கும் வாடகை. அதுக்கு மேல் பள்ளிக்கூட நிதிக்கு ஒரு கவர். அன்றைக்குப் பொங்கல் விழா. பெண் பிள்ளைகள் பட்டு உடுத்தி வரவும், மற்றவர்கள் மேடை ஏற இயலாது என்று செல்லுக்குச் செய்தி வந்திருந்தது.

மதி கும்மியில் நடுவில் நிற்கிறவள். ஒரு மாசமாகக் கனவில்கூடக் கை தட்டிக்கொண்டிருந்தாள். நிதிக் கவரோடு துர்கா கையில் இருந்தது தீர்ந்துபோனது. வாடகைக் கடைக்காரன் கேட்டதையும் கொடுத்தால் பொங்கப் பானைக்கு வெல்லம் கிடையாது.

பட்டு நெய்கிற வீடுதான். ஆனால் ஒரு சாண் பட்டு சொந்தமில்லை. தறியில் ஏற்றுகிற பாவு முதல் நூல் மொத்தமும் முதலாளி எடை போட்டுக் கொடுத்தது. நெய்து கொண்டுபோய்க் கொடுத்தால், கல்யாண ஆர்டர் சேலையின் முந்தானை முனையில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டி அலமாரியில் வைப்பார். அட்டை கட்டினால் அது கல்யாணப் பொண்ணோடது. வேற உடம்பு மேல படக்கூடாது. கடையில் அது எழுதாத சட்டம்.

"மாட்டிகினா அடுத்த பாவு வராதுடி. தறி சும்மா கெடக்கும். அப்புறம் சோத்துக்கு இன்னா பண்றது?" என்றான் முருகேசன்.

"இன்னும் அட்டை கட்டலையே" என்றாள் துர்கா.

சேலையை நீளவாக்கில் ரெண்டாக மடித்து மகளுக்குச் சுற்றினாள்.

"ஊக்கு குத்தும்மா, அவுந்துடும்."

"பட்டுல ஓட்டை தெரியும் கண்ணு. இடுப்புல இறுக்கிச் செருகினா எங்கயும் போவாது. யாரு குடுத்தாலும் ஐஸ்கிரீம் மட்டும் வாங்காத."

மதி நடுவில் நின்று கும்மி அடித்தாள். சேலை ஒரு மடிப்புகூட நழுவவில்லை.

முன் வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? திருமலை சம்சாரம் அபிதகுசாம்பாள். அரக்குக் கலர் பட்டுச் சேலை, உடம்பு நிறைய ஜரிகை. நிதிக்குப் பெரிய கவராகக் கொடுத்திருந்த அம்மா.

விழா முடிந்ததும் தண்ணீர்க் குழாய்கிட்ட துர்காவை நிறுத்திவிட்டாள்.

"இந்த மாங்கா பார்டர் எங்களுதாச்சே. ஒரு முழம் நிக்குதுன்னு காலையில அவருகிட்ட சொன்னியாமே."

துர்காவுக்கு ரெண்டாவது பொய் வரவில்லை. "சாயந்திரம் வரைக்கும்தாங்கக்கா. பத்தரமாத்தான் கட்டியிருக்கேன்."

"கல்யாணப் பொண்ணு கட்ட வேண்டியத உம்பொண்ணுக்குச் சுத்திகினு வந்து நிக்கிற. நம்பித்தானே நூலு குடுக்கிறோம்? பட்டு இல்லன்னா இருக்கிறத கட்டிகினு வரணும். ஊரான் சேலையில இன்னாத்துக்கு ஜம்பம்?"

சுற்றி நின்ற அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி உச்சுக்கொட்டினாள். "பாவம், அந்தக் கல்யாணப் பொண்ணு" என்றாள் இன்னொருத்தி. தப்பு தப்புதானே, யார் இல்லை என்றார்கள்?

"இரு, அவருகிட்டயே சொல்லிடறேன். இனிமே உனக்குப் பாவு இல்ல."

இடுப்பில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்த கையாலேயே அபிதகுசாம்பாள் போனைத் தூக்கிக் காதில் வைத்தாள். துர்கா கண்ணுக்குள் வெறுந்தறி வந்து நின்றது. தலை தாழ்ந்துவிட்டது.

தாழ்ந்த கண்ணுக்கு எதிரில், பிடி விட்ட அரக்கு முந்தானை கீழே தொங்கியது. அதன் முனையில், நூல்கட்டுகூடப் பிரியாமல், ஒரு சிவப்பு அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

துர்கா பார்த்தாள். அவள் பார்ப்பதை அபிதகுசாம்பாளும் பார்த்தாள்.

போனில் திருமலை குரல் கேட்டது. "இன்னா, சொல்லு."

"ஒண்ணுமில்லீங்க. விழா நல்லபடியா முடிஞ்சுது. சொல்லலாம்னுதான் பண்ணேன்."

போனை வைத்தாள். அந்த அம்மா குரல் அப்படித் தழைந்து யாரும் கேட்டதில்லை. "துர்கா... ஊக்கு எதுனா வெச்சிருக்கியா?"

"ஊக்கு வேணாங்கக்கா, பட்டுல ஓட்டை தெரியும்" என்ற துர்கா, குனிந்து, அட்டையை உள்ளே வைத்து முந்தானையை மடித்து, மகளுக்குச் செருகின மாதிரியே அந்த அம்மா இடுப்பிலும் இறுக்கிச் செருகிவிட்டாள்.