நாளும் கிழமையும்

வெளியூரிலிருந்த தாணுலிங்கம் கணினியின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்துவைத்தான்: "நாளும் கிழமையும் என் குரலில் அப்பாவிடம் பேசு." அவன் நினைத்தது தீபாவளி, பொங்கலை. கணினிக்கு அந்த வழக்கெல்லாம் தெரியுமா? நாள் தவறாமல் பேசியது.

தீபாவளியன்று அல்வாவோடு நேரிலேயே போய் நின்றான். அப்பா போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது நானில்ல, மெஷினு!"

"தெரியும்ல. மூட்டுவலி எப்படி இருக்குன்னு தெனமும் கேக்கான். நீ உக்காரு, பேசிட்டு வாரேன்."

அந்தக் கட்டளையை அழித்துவிடத் தாணுலிங்கம் தன் போனை எடுத்தான்.

"நாளைக்கும் கூப்பிடுவேல்லா?" அப்பா தன் போனில் கேட்டார்.

"கூப்பிடாம இருப்பேனாப்பா?" என்றது அவனுடைய குரல்.

தாணுலிங்கம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் முறை வரட்டும் என்று உட்கார்ந்தான்.