இரண்டாவது வாய்

இரண்டாவது வாய் தொண்டையிலேயே நின்றது.

தண்ணீர் குடித்து இறக்கினாள்.

கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல், எதிரே இலையில் வகைவகையாகச் சாதம். இந்த வீட்டு வளைகாப்பில் ஊட்ட வருகிற ஒவ்வொருத்தியும் இரண்டு வாய் ஊட்ட வேண்டும். முதல் வாய் தாய்க்கு. அடுத்தது உள்ளே இருக்கிற பிள்ளைக்கு.

"இது உனக்கில்லடி, நீ ஆசைப்படாத" என்று கேலி வேறு.

"வயித்தப் பாருங்க! எம் பேரன் சாப்பாட்டு ராமனாத்தான் வரப்போறான்" என்றாள் மாமியார். வந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

முந்தாநாள் ஸ்கேன் எடுத்த டாக்டருக்கும் அந்த வயிற்றின் மேல்தான் சந்தேகம் வந்தது. படத்தில் குழந்தையின் இரைப்பை தெரியவில்லை. உணவுக்குழாய் பாதியிலேயே அடைபட்டிருக்கும் போலிருக்கிறது என்றார். குழந்தை விழுங்க வேண்டிய நீரெல்லாம் விழுங்கப்படாமல் தேங்கியதால்தான் வயிறு இவ்வளவு பெரிதாம். பிறந்த கையோடு ஆபரேஷன் செய்ய வேண்டுமாம்.

பிழைக்குமா என்று கேட்டாள்.

"பொறந்து வரட்டும்மா, பாப்போம்."

விசேஷம் முடியட்டும், அப்புறம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றான் கணவன். இப்போது வாசல் பக்கம் நின்றுகொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

சாப்பிடுவதுகூடப் பொய் சொல்வதாகும் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

நாத்தனார் வளர்மதி வந்து உட்கார்ந்தாள். புளிசாதம். ஒரு வாய் அவளுக்கு.

ஒரு வாய் பிள்ளைக்கு.

விழுங்கினாள். இந்தத் தடவை எவ்வளவு சுலபமாக இறங்குகிறது! தன் தொண்டையின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை உதைத்தது.

வயிற்றில் கை வைத்திருந்த வளர்மதி கூவினாள்.

"அம்மா, இங்க வாயேன்! சாப்பிடுது பாரு!"

கூடமே கலகலத்தது.

அவள் அழவில்லை. நல்ல நாளும் அதுவுமாக அழக்கூடாது.

மாமியார் தயிர்சாதத்தோடு வந்தாள். தாய்க்கான வாயை ஊட்டினாள். அடுத்த வாய்க்கு உருட்டி நீட்டினாள்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, இத மட்டும் இன்னும் கொஞ்சம் நல்லாக் குழைச்சுத் தாங்க."

"புள்ளத்தாச்சிக்கு வந்த ஆசையப் பாரு!"

சிரித்துக்கொண்டே மாமியார் பாலை விட்டுப் பிசைந்தாள். பருக்கை தெரியாமல் பிசைந்தாள்.

"போதுமாடி?"

"இன்னும்" என்றாள்.