தங்க டிராகன் விழுந்தது

"கண்ணு சிமிட்டுறாரா பாருக்கா... ம்ஹும்! இவரு மனுசனா, சிலையா?"

மீன் சுடும் விளையாட்டு மெஷினின் பின்பக்கம் குந்தியிருந்தபடி கேட்டான் போயென். தைவானின் டோங்காங் துறைமுகத்து வீடியோ விளையாட்டுக் கடையில், அழுந்திச் சிக்கிக்கொண்ட ஒரு பொத்தானைச் சரிசெய்ய, தைபேயிலிருந்து கம்பெனி அனுப்பிய ஆள் அவன். வேலை எப்போதோ முடிந்துவிட்டது. எழுந்து போகத்தான் மனம் வரவில்லை.

"ஹோங் கேப்டனா?" கடைக்கார ஷூலியன் அக்கா பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். "போன தடவ அவரு மூக்குல ஒரு ஈ உக்காந்துச்சு. எப்ப அசைவாரு, எப்ப பறக்கலாம்னு காத்திருந்தே வயசாகிச் செத்துப்போச்சு. நான்தான் பெருக்கித் தள்ளினேன்."

கட்டில் அகலத்துக்கு மல்லாந்து கிடந்த திரையில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள், ஆளுக்கொரு பீரங்கி. மற்றவர்கள் கண்ணில் பட்ட பொடி மீன்களைப் படபடவென்று சுட்டுப் புள்ளி சேர்த்தார்கள். கேப்டன் மட்டும் இருப்பதிலேயே பெரிய குண்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். சுறா வந்தது, விட்டார். ஆமை வந்தது, விட்டார். தங்க டிராகன் தலை காட்டினால்தான் அவர் விரல் அசைந்தது. எல்லாக் குண்டும் அதன் நெற்றியில்தான்.

போயெனுக்கு அந்த மெஷினின் வயிறு தெரியும். குண்டு பட்டால் மீன் சாகும் என்பது ஆடுகிறவனின் ஆசை. பட்ட ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு தாயக்கட்டை உருளும். தாயம் விழுந்தால்தான் சாவு. பொடி மீனுக்குச் சுலபமாக விழும். டிராகனுக்கு அனேகமாக விழவே விழாது. காலையிலிருந்து அடி வாங்கிய டிராகனும், இப்போதுதான் முட்டையை உடைத்துக்கொண்டு வந்த டிராகனும் மெஷினுக்கு ஒன்றுதான். குண்டுக்கான புள்ளி மட்டும் தவறாமல் கழிந்துவிடும்.

"பொடி மீனச் சுட்டா நாலு புள்ளியாவது தேறுமேக்கா? அந்த டிராகனையே எதுக்குச் சுடுறாரு?"

"சூரை மீன் புடிச்ச கை தம்பி. நெத்திலிக்கெல்லாம் நீளாது." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குப் பின்னால மூட்டையோட நிக்கிறானுங்களே, அவரு படகு ஆளுங்க. சாயங்காலம் தண்ணி ஏறினதும் சூரைக்குக் கெளம்பணும். இங்க ஆட்டம் நல்லபடியா முடிஞ்சாத்தான் படகுல ஏறுவானுங்க. இல்லேன்னா வேற படகு பாத்துப் போயிடுவானுங்க."

"அப்புறம் இவரு?"

"இந்தச் சீசன் போச்சுன்னா படகும் போச்சு. அடுத்தவன் தூண்டிலுக்கு இரை கோத்துக்கிட்டுக் கரையில கெடக்க வேண்டியதுதான்."

போயென் அந்த ஆட்களைப் பார்த்தான். கேப்டனின் புள்ளிகள் கரையக் கரைய அவர்கள் முகம் வாடவில்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். சமையல்காரன் சுன்ஃபா மீன் உருண்டை சூப்பை ஊதி ஊதி ஆற்றி, கேப்டனின் வாயருகே நீட்டினான்.

"இப்படியே போங்க கேப்டன்! கைய மாத்திராதீங்க!"

தோற்கிறவருக்கு இவ்வளவு மரியாதையா! ஒரு திருகாணி தொலைந்ததற்கே ஊரைக் கூட்டுகிறவர் அவனுடைய மேலாளர்.

புள்ளிகள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டன. திரையின் மூலையில் மறுபடி டிராகன் நெளிந்தது. கேப்டனின் உதடுகள் அசைந்தன.

"கடலம்மா, இத்தன வருசமும் காப்பாத்தினே. இந்தத் தடவையும் கைவிட்றாதே."

அதற்கு மேல் போயெனால் தாங்க முடியவில்லை. சாவி இன்னும் பின்கதவில்தான் தொங்கியது. உள்ளே ஒரு சின்னத் திருகு. தாயம் எவ்வளவு தாராளமாக விழலாம் என்பது அதன் கையில். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். போகட்டும் என்று கடைசி வரை திருகினான்.

அடுத்த குண்டு டிராகனின் நெற்றியில் பட்டது.

கடல் முழுவதும் பொன்னாக மாறியது. டிராகன் புரண்ட புரளலில் அதன் வால் திரையை விட்டு வெளியே வந்து மின்விசிறியைத் தட்டிவிட்டுப் போனதாக ஷூலியன் அக்கா இன்றைக்கும் சத்தியம் செய்வாள். மெஷின் முழங்கிய முழக்கத்துக்குத் துறைமுகத்தில் நின்ற படகொன்று, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பதிலுக்குச் சங்கு ஊதியது. சுட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அக்கா பாக்கை விழுங்கிவிட்டாள்.

"டிராகன் செத்து நான் பாத்ததே இல்லடா..." என்றது ஒரு குரல், கோயிலுக்குள் பேசுவதுபோல்.

போயென் கண்களைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினான். "ஜெயிச்சிட்டீங்க கேப்டன்! கெளம்புங்க, தண்ணி ஏறிடும்!"

கேப்டன் நெருப்பைத் தொட்டவர்போல் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். மெல்லத் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே இறங்கி அடுத்த படகுத்துறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.

"சுன்ஃபா... நீயாவது நில்லுடா."

சுன்ஃபா சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

"மன்னிச்சிருங்க கேப்டன். வருசா வருசம் இங்க சுத்தமாத் தோத்துட்டு, அதிர்ஷ்டத்த முழுசாக் கடலுக்குக் கொண்டு போவீங்க. இன்னிக்கு மொத்தத்தையும் இந்தப் பெட்டியிலயே செலவழிச்சிட்டீங்களே!"