முறை தவறாதவன்

ஒல்லாந்தர் கப்பலில் சரக்கு ஏற்றும் ஆளாகச் சாவகத் தீவுக்குப் போன தேசப்பன் நான்தான். கப்பல் ஊர் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். மற்றவர்கள் துறைமுகத்திலேயே கிடந்தார்கள். நான் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தேன். மூங்கில் தெப்பத்தில் ஆறு தாண்டினேன். மரக்கிளையில் தூங்கினேன். புகை கக்கும் மலையின் உச்சியில் ஏறி நின்றேன். எங்கள் பழவேற்காட்டில் வேறு எவன் அங்கே நின்றிருக்கிறான்?

இரண்டு வருடம் கழித்துக் குப்பத்துக்கு வந்ததும், மூட்டைக் கயிறு அறுத்த தோள் தழும்புகளை எல்லோருக்கும் காட்டினேன். யாரும் வியக்கவில்லை.

"நீ எப்போ போன?" என்றார் ராஜவேலு. ஏரியில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்று முறை பிரித்துக் கொடுப்பவர் அவர். "ரெண்டு வருசமா ஒரு முறைகூட நீ உட்டதில்லியே."

"இன்னா பேசுற மாமா? மலை மேல நின்னேன்னு சொல்றேன்!"

"நேத்துகூட கூடை நெறைய எறா கொணாந்துச்சே" என்றாள் என் மனைவி வேலம்மா, என்னைக் காட்டிப் பெருமையாக.

மறுநாள் விடிகாலை என் முறை. ராஜவேலு கரையில் நின்று, வழக்கம்போல் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் சொல்லாதவனுக்கு அன்றைக்கு ஏரி இல்லை.

"தேசப்பா!"

நெஞ்சை நிமிர்த்தி, கரை முழுக்கக் கேட்கும்படி "இருக்கேன்!" என்றேன்.

ராஜவேலு என் பக்கம் திரும்பவில்லை. அதே பெயருக்கு என்னைவிடச் சத்தமாகப் பதில் சொன்னவனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவன் முழங்கால் தண்ணீரில் என் படகைத் தள்ளிக்கொண்டு போனான். அவனுடைய வெறும் தோள்கள் இரண்டிலும், என்னைப் போலவே, மூட்டைக் கயிறு அறுத்த தழும்பு இருந்தது.