பேப்பர் சுற்றிய கார்

"பக்கத்து வீட்டுப் பெயிண்டர் எவனோட காரையோ திருடிட்டு வந்து உருமாத்தறான்," என்றார் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், மதில் மேல் எக்கி நின்றபடி.

பின்னே? ஷெட்டுக்குள் நிற்கும் காருக்கு உச்சி முதல் சக்கரம் வரை பேப்பரும் டேப்பும். என்ன வண்டி என்றே தெரியவில்லை. வெளியே தெரிகிற ஒரு கதவிலும் சாம்பல் பூச்சு. நம்பர் பிளேட்டைக் காணோம். ஆளும் மூஞ்சியை மூடிக்கொண்டு வேலை செய்கிறான்.

"பெயிண்ட் புகை நெஞ்சுக்கு ஆகாதுங்க. அதான் மாஸ்க்," என்றாள் மனைவி. "ஊர் வம்பு நமக்கெதுக்கு? உள்ள வாங்க."

"யார் காருன்னு கேட்டா, 'தீப்பிடிக்கிற சமாச்சாரம், கிட்ட வராதீங்க சார்'னு மழுப்பறான். நல்லவேளை, நம்ம காரை உன் தம்பி ரெண்டு நாளைக்கு இரவல் வாங்கிட்டுப் போனான். இங்க இருந்தா இந்தப் பெயிண்டர் அதையும் தள்ளிட்டுப் போயிருப்பான்."

மனைவி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

ஹெட்மாஸ்டர் போலீசுக்குப் போன் போட்டார். வந்த ஏட்டு, ஷெட் மூலையில் கிடந்த பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நம்பர் பிளேட். சத்தமாக வாசித்தார்.

ஹெட்மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது என் கார் நம்பராச்சே."

ஏட்டு பெயிண்டரின் தோளில் கை வைத்தார். பெயிண்டர் மாஸ்க்கை இறக்கிவிட்டு, ஹெட்மாஸ்டருக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"இனிமே என்னால மறைக்க முடியாதுக்கா."

"ரிவர்ஸ் எடுக்கும்போது கடைத் தூண்ல இடிச்சிட்டேங்க. தம்பி வாங்கிட்டுப் போனான்னு சொன்னது சும்மா," என்றாள் அவள். "சாயங்காலம் பழைய கலர்லயே வாசல்ல வந்து நின்னிருக்கும். ஊர் வம்பு வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டீங்களா?"