செருப்பு

வாசலிலேயே நிறுத்தி, லைசென்ஸ் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் எலக்ட்ரீஷியனை உள்ளே விட்டார் வீட்டுக்காரர்.

குளியலறை வாசலில் கிடந்த பெண்கள் செருப்பை எலக்ட்ரீஷியன் காலால் ஒதுக்கினான். அவர் குனிந்து அதைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

ஹீட்டரைக் கழற்றியவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"எர்த் வயர் அறுந்து கிடக்கு. தொட்டாலே ஷாக் அடிக்குமே சார். வீட்ல யாரும் சொல்லலையா?"

"மனைவி சொன்னா. செருப்பு போட்டுட்டுக் குளின்னு சொல்லிட்டேன்."

"நல்லாச் சொன்னீங்க போங்க. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடக் கூடாதா?"

"ஒருத்தனைத்தான் நம்பிட்டிருந்தா. ஊரான் வீட்டு வேலையெல்லாம் முடிச்சான். இதை மட்டும் நாளைக்கு, நாளைக்குன்னு இழுத்தடிச்சான்."

"அவனை மாதிரி ஆளுங்களாலதான் எங்க பொழப்பு நாறுது. லைசென்ஸ் இல்லாதவனா இருப்பான்."

எலக்ட்ரீஷியன் தன் பையைத் துழாவினான்.

"வயர் பத்தல சார். கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்."

அவர் பரண் மேலிருந்து ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். வயர், டேப், டெஸ்டர் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லைசென்ஸ் அட்டை. அதில் அவருடைய முகம்.

எலக்ட்ரீஷியன் மெதுவாக நிமிர்ந்தான். "அப்ப நீங்களே செஞ்சிருக்கலாமே சார்."

"செஞ்சிருக்கலாம்" என்றார் அவர். "போன வாரம் அவ செருப்பு போட மறந்துட்டா."