தலையாட்டாத அம்மா

“தலையை ஆட்ட மாட்டேன், சயா. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்.”

சயா, அதாவது ஐயா, என்று மரியாதை சேர்த்துக் கனகாம்பாள் பர்மிய மொழியில் இதைச் சொன்ன வேகத்தில், டைரக்டர் கோ மின் தூவின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை ஓர் ஆட்டம் ஆடி நின்றது.

ரங்கூனின் லான்மடாவ் பேட்டையில் மூன்றாம் மாடி வரை ஒரு டிவி டைரக்டர் மூச்சு வாங்க ஏறி வந்ததற்குக் காரணம் ஃபேஸ்புக். அவருடைய போன தொடரில் இந்தியராக நடித்தவர் முகமெல்லாம் கரி பூசி, கையில் வேர்க்கடலைக் கூடையோடு வந்து, பர்மிய மொழியைப் பாதி மென்று பாதி துப்பி, கழுத்தே கழன்றுவிடும்போலத் தலையை ஆட்டினார். அதற்குக் கீழே கனகாம்பாள் எழுதிய பின்னூட்டம், நீட்டிப் பிடித்தால் சூலே புத்தர் கோயிலை மூன்று சுற்று சுற்றும்.

“பஸ்ஸில ஏறினா பசங்க இவரைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரிக்கிறாங்க,” என்று கணவர் விநாயகமூர்த்தியைக் காட்டினாள். “துறைமுக ஆபீஸில காலம்பூரா வேலை பார்த்த மனுஷர். ஒரு நாள் கடலை வித்ததில்லை. எங்களை ஒரு தடவையாவது டிவியில மனுஷங்களா காட்டக் கூடாதா?”

“அதுக்குத்தான் வந்திருக்கேன், அமே,” என்றார் கோ மின் தூ. அமே என்றால் அம்மா. “புதுத் தொடர்ல ஹீரோவை எடுத்து வளர்த்த தமிழ் அம்மா ஒருத்தங்க வர்றாங்க. நீங்களே நடிச்சிடுங்களேன்.”

கனகாம்பாள் மயங்கி விழப் பார்த்தாள். பக்கத்தில் நாத்தனார் சொர்ணம்மாள் இருந்ததால் விழவில்லை.

“கரி?”

“பூச மாட்டோம்.”

“நான் இந்த ரங்கூன்லயே பொறந்தவ. உங்க அம்மா பேசற பாஷைதான் நானும் பேசறேன். அதை உடைச்சுப் பேசச் சொல்லக் கூடாது.”

“உடைஞ்ச வார்த்தை ஒண்ணுகூட வராது.”

“அப்புறம், ஹீரோ அந்த அம்மாவுக்கு மரியாதை கொடுக்கணும்.”

“கண்டிப்பா. ஆனா தமிழ் வீட்டுல அதை எப்படிக் காட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதே, அமே. சொல்லிக் கொடுங்க.”

இந்த ஒரு கேள்விக்காகவே பிறந்தவள்போலக் கனகாம்பாள் எழுந்து நின்றாள். சுவரில் மல்லிகை மாலையோடு இருந்த மாமியார் படத்தைக் காட்டினாள்.

“இவங்க என் மாமியார். இவங்களைக் கும்பிடாம இந்த வீட்டுல ஒருத்தரும் வாசற்படி தாண்டறதில்லை. தமிழ் அம்மாவுக்கு வீட்டுல என்ன இடம்னு இதைப் பார்த்துத் தெரிஞ்சுக்குங்க.”

கோ மின் தூ பயபக்தியோடு அந்தச் சுவரைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு, பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றில் காய்கறிப் பை மேலே ஏறும்போதெல்லாம், இந்தச் செய்தி கீழே இறங்கியது. மாலைக்குள் அலோன் துறையில் நின்ற கப்பல்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

கியாக்டடாவில் ஒரு பழைய கட்டடத்தில் படப்பிடிப்பு. கனகாம்பாள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“உட்காரச் சொன்னாங்க, சிரிக்கச் சொன்னாங்க, பிரமாதம்னாங்க. நாளைக்கும் வரணுமான்னு கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம், இதை வெச்சே எல்லா எபிசோடிலும் உங்களைக் காட்டிடுவேன்னுட்டாரு.”

“வசனம்?” என்றாள் சொர்ணம்மாள்.

“வாயைத் திறந்தாத்தான் நடிப்பா, அண்ணி? கண்ணாலயே பேசிட்டேன்.”

“எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து நீ கண்ணால பேசி நான் பார்த்ததில்லையே.”

ஒளிபரப்பு அன்று பாதி லான்மடாவ் அவள் வீட்டுக்குள் இருந்தது. மீதி படிக்கட்டில் இருந்தது. மின்சாரம் வழக்கம்போல இல்லை. விநாயகமூர்த்தி வாடகைக்கு எடுத்து வந்த பேட்டரி, யானைக்குட்டி கனம்.

தொடர் தொடங்கியது. ஹீரோ தலைசீவி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தான். வாசலைத் தாண்டுமுன் நின்றான். கை கூப்பினான். கேமரா மெல்ல மேலே ஏறியது.

சுவரில், வெள்ளிச் சட்டத்துக்குள், கனகாம்பாள் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குப் புத்தம்புது மல்லிகை மாலை. முன்னால் விளக்கு, ஊதுபத்தி. சொன்ன சொல் தவறாமல், தலை இம்மிகூட ஆடவில்லை.

படிக்கட்டில் நின்ற, எல்லாச் சாவு வீட்டிலும் முதல் குரல் எடுக்கும் வேலம்மா, பழக்கதோஷத்தில் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

செல்போன் அடித்தது. விநாயகமூர்த்தி ஸ்பீக்கரைப் போட்டார்.

“அமே, பார்த்தீங்களா? உங்க மாமியாருக்கு இருக்கற மரியாதையில ஒரு பூகூடக் குறைக்கலை,” என்றார் கோ மின் தூ.

கனகாம்பாள் தன் கழுத்தில் மாலை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“டாக்ஸிக் கண்ணாடிக்கே மல்லிகை மாலை போடற ஊரு இது,” என்று விநாயகமூர்த்தி அவள் காதில் முணுமுணுத்தார். “எங்கம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷமாச்சுன்னு நீ அவர்கிட்ட சொல்லவே இல்லையே, கனகு.”

போனில் டைரக்டர் உற்சாகமாகத் தொடர்ந்தார். “தொண்டையைப் பத்திரமா பார்த்துக்குங்க. கதைப்படி மாண்டலே ஊருக்குப் போயிருக்கற அம்மா அடுத்த மாசம் வீட்டுக்குத் திரும்பி வர்றாங்க. அப்புறம் உங்களுக்குப் பக்கம் பக்கமா வசனம்.”

எல்லாரும் டிவியில் மாலைக்குள் சிரித்த முகத்தையும், டிவிக்கு முன்னால் வெளுத்துப்போயிருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலில் தெளிந்தவள் சொர்ணம்மாள்தான்.

“மாலை போட்டப்புறம் திரும்பி வர்றதுன்னா பேயாத்தான் வரணும், கனகு. இப்பவே தலையை ஆட்டிப் பழகிக்கோ.”